புல்மோட்டை: ஊர்ச் சாப்பாடு தேடிப் போகிறவர்களுக்கு

திருகோணமலை நகரிலிருந்து கடலை ஒட்டி வடக்கே போகும் வீதியில் ஏறத்தாழ 55 கிலோமீற்றர் சென்றால் புல்மோட்டை வரும். திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லை ஊர் இது. இதற்கு அப்பால் கொக்கிளாய்க் களப்பும், அதைத் தாண்டினால் முல்லைத்தீவு மாவட்டமும். நிலாவெளிக் கடற்கரையோடு திரும்பிவிடும் பயணிகளில் மிகச் சிலரே இவ்வளவு தூரம் வருகிறார்கள். தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். சுற்றுவட்டாரத்தில் தமிழரும் சிங்களவரும் இருக்கிறார்கள். மீன்பிடி, வயல், மாடு வளர்ப்பு, கனியமணல் தொழிற்சாலை வேலை ஆகியவற்றில்தான் ஊரின் சீவியம் ஓடுகிறது.

இந்த ஊரின் நல்ல சாப்பாடு வீடுகளில் இருக்கிறது. சந்தியில் உள்ள கடைகளில் சோறும் கறியும், கொத்து ரொட்டியும், தேத்தண்ணியும் கிடைக்கும், பசி தீரும். ஆனால் காலையில் பிடித்த மீன் மதியத்துக்கு முன் மண்சட்டியில் ஆணம், அதாவது குழம்பு, ஆவதும், நீத்துப்பெட்டியில் பிட்டு அவிவதும், ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து நால்வர் சாப்பிடுவதும் கடையில் நடப்பதில்லை. அவற்றுக்கு நீங்கள் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போக வேண்டும். விருந்தாளியாகப் போவதற்கு நேரம் பார்க்கவும், முறை அறியவும், கைம்மாறு செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த அத்தியாயம் அதற்கான வழிகாட்டல்.

எப்போது போவது

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான மாதங்கள் சிறந்தவை. தென்மேற்குப் பருவக்காற்று நாட்டின் மறுகரையை நனைக்கும் இந்தக் காலத்தில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். கரைவலை இழுப்பு நடக்கும். மீன் வகைவகையாக வரும். வெயில் கடுமை. காலை பத்து மணிக்குப் பின் மாலை நான்கு மணி வரை நிழலில் இருப்பதாகவே உங்கள் நாளைத் திட்டமிடுங்கள்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். கடல் கொந்தளிக்கும்; படகுகள் பல நாள் கரையேறியே இருக்கும். அப்போது போனால் கடல்மீனைவிடக் களப்பு மீனும் கருவாடும் அதிகம் சாப்பிடுவீர்கள். அதுவும் ஊரின் உண்மையான சாப்பாடுதான். மழைக்காலக் கருவாட்டுக் கறிக்காகவே ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் முதன்முறை வருபவர் கோடையில் வருவதே நல்லது.

கிழமையில் வெள்ளிக்கிழமையைக் கவனியுங்கள். ஜும்ஆத் தொழுகைக்காக நண்பகலில் கடைகள் மூடப்படும். பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றரை மணி வரை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். தொழுகை முடிந்த பின் வீடுகளில் வழக்கத்தைவிட நல்ல சமையல் இருக்கும். எனவே வெள்ளி மதிய விருந்துக்கு அழைப்புக் கிடைத்தால் தட்டாதீர்கள்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது

கொழும்புக் கோட்டையிலிருந்து திருகோணமலைக்குக் கல்லோயாச் சந்தி வழியாக ரயில் உண்டு, பஸ்களும் உண்டு. திருகோணமலை மத்திய பஸ் நிலையத்திலிருந்து புல்மோட்டைக்கு இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஓடுகின்றன. இரண்டு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவையுங்கள். இந்த வழியில் இரவுப் போக்குவரத்து மிகக் குறைவு. அனுராதபுரத்திலிருந்து வருபவர்கள் கெப்பித்திகொல்லாவ, பதவியா வழியாக வரலாம்.

திருகோணமலை வழியில் வலப்பக்கத்து இருக்கையைப் பிடியுங்கள். உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய்ச் சந்தி என்று ஊர்கள் வரிசையாக வரும். இடையிடையே ஆறுகளும் களப்புகளும் கடலைச் சேரும் முகங்களைப் பாலங்களில் கடப்பீர்கள். முன்பு இந்த நீர்முகங்களில் பாதைகள், அதாவது வாகனங்களை ஏற்றிக் கடத்தும் தட்டைப் படகுகள், ஓடின. பாலங்கள் போர் முடிந்த காலத்தில் கட்டப்பட்டவை. அவை வரும்வரை இந்தப் பயணம் அரைநாள் வேலை.

புல்மோட்டையில் எளிய தங்குமிடங்கள் சில உள்ளன. தெரிவு வேண்டுமானால் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் எல்லா விலையிலும் விடுதிகள் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து விடியற்காலைக் கரைக்கு வந்துசேர்வது சிரமம். ஓர் இரவாவது புல்மோட்டையிலேயே தங்குவதை வலியுறுத்துகிறோம். ஊருக்குள் போய்வர முச்சக்கரவண்டி கிடைக்கும். ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். கைக்காசு கொண்டுபோங்கள்; சிறு கடைகளிலும் வீடுகளிலும் அட்டை செல்லாது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம்

புல்மோட்டை என்றதும் நாட்டில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கறுப்பு மணல். இங்குள்ள கடற்கரை மணலில் இல்மனைட் மிக அதிகம். ரூட்டைல், சிர்க்கோன் ஆகியவையும் கலந்திருக்கின்றன. இலங்கைக் கனியமணல் கூட்டுத்தாபனம் 1957 இல் தொடங்கப்பட்டது. இன்று அது லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற அரச நிறுவனம். இல்மனைட்டிலிருந்து எடுக்கப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத்தான் உலகெங்கும் வெள்ளைச் சுவர்ப்பூச்சுக்கு நிறம் கொடுக்கிறது. கறுப்பு மணல் வெயிலை உறிஞ்சி அனலாகச் சுடும். வெறுங்காலுடன் கரையில் நடக்காதீர்கள். தொழிற்சாலை எல்லைக்குள் அனுமதியின்றிப் போவதும் படம் எடுப்பதும் கூடாது.

இந்த ஊர் பட்டதும் அதிகம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையையும் அடித்தது. 2009 இல் போரின் கடைசி மாதங்களில், புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்களில் கொண்டுவரப்பட்ட காயமடைந்தவர்களில் பலர் புல்மோட்டையில் இறக்கப்பட்டார்கள். இந்திய மருத்துவக் குழு அந்த ஆண்டு மார்ச்சில் இங்கே கள மருத்துவமனை அமைத்தது. மேற்கே உள்ள தென்னமரவடி என்ற தமிழ் விவசாயக் கிராமம் 1984 இல் முற்றாக இடம்பெயர்ந்து, போருக்குப் பின்னரே மெல்ல மீண்டது. இவற்றை நீங்களாகக் கிளறிக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால், சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். காணிப் பிரச்சினை, அரசியல் ஆகியவற்றில் கருத்துச் சொல்ல ஓர் இரவு தங்கும் பயணிக்கு உரிமை இல்லை.

வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு

அறிமுகம் இல்லாமல் எந்த வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். தங்குமிடத்துக்காரரிடமோ, தேத்தண்ணிக் கடைக்காரரிடமோ, கரையில் பழக்கமான மீனவரிடமோ சொல்லுங்கள். "உங்கட ஊர்ச் சாப்பாடு சாப்பிட ஆசை, சமைச்சுத் தரக்கூடிய ஆக்கள் இருக்கினமா?" என்று வெளிப்படையாகக் கேட்டால் போதும். காசுக்குச் சமைத்துக் கொடுக்கும் பெண்கள் கிழக்கின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். இடியப்பமும் அப்பமும் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்களும் அவர்களே. ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி, என்ன சாப்பிட மாட்டீர்கள் என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது மிக முக்கியம். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் முன்பே சொன்னால் எவரும் குறை நினைக்கமாட்டார்கள். கோழியோ மீனோ சமைப்பார்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் இங்கே குறைவில்லை: பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், பலாக்காய்க் கறி, கீரைச் சுண்டல். ஆனால் இலங்கைச் சமையலில் மாசிக்கருவாடு கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் இருக்கும். தேங்காய்ச் சம்பலிலும் மரக்கறியிலும்கூட இடித்துப் போடுவார்கள். "மீன் வேண்டாம்" என்றால் போதாது. "மாசியும் கூனியும் (சின்ன இறால் கருவாடு) போடாதீங்க" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

பணம் கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். காசுக்கு ஏற்பாடு செய்த சாப்பாடென்றால் தொகையை முன்பே பேசி, சாமான் வாங்கப் பாதியை முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள். அன்பால் அழைத்த விருந்தென்றால் காசை நீட்டாதீர்கள், மனம் புண்படும். பழம், பிஸ்கட், சீனி, தேயிலை, பிள்ளைகளுக்குக் கொப்பி பென்சில் கொண்டுபோகலாம். பொதியிட்ட இனிப்பு வாங்கினால் ஹலால் முத்திரை உள்ளதைப் பாருங்கள். மதுபானம் எந்த வடிவிலும் கூடாது.

விடியற்காலை: கரை

ஐந்தரை மணிக்கெல்லாம் கரைக்குப் போய்விடுங்கள். இரவு கடலுக்குப் போன படகுகள் திரும்பும் நேரம் அது. கரைவலைக் காலமென்றால் இரண்டு கூட்டங்கள் இரு கயிறுகளையும் பிடித்து வலையை மெதுவாகக் கரைசேர்ப்பதைப் பார்க்கலாம். வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி. அவரிடமோ அருகில் நிற்பவரிடமோ ஸலாம் அல்லது வணக்கம் சொல்லி, படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். வலையையும் கயிற்றையும் மிதித்தோ தாண்டியோ போகாதீர்கள். கயிற்றுக்குக் கை கொடுக்கக் கூப்பிட்டால் தயங்காமல் கொடுங்கள். அன்றைய அறிமுகம் அங்கேயே கிடைத்துவிடும்.

மீன் கரையிலேயே ஏலம் போகும். மொத்த ஏலத்தில் நீங்கள் புக வேண்டாம். ஏலமெடுத்தவரிடம் சில்லறையாக வாங்கலாம். கண் பளபளவென்று துருத்தியிருக்க வேண்டும். செவுள் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்ப வேண்டும். எந்த மீனை எதற்கு வாங்குவது என்று ஒரு சிறு குறிப்பு:

- அறக்குளா, பாரை: பொரியலுக்கும் புளியாணத்துக்கும். விலை கூடியவை.
- விளைமீன், ஓரா: தேங்காய்ப்பால் ஆணத்துக்கு மிகப் பொருத்தம்.
- சூரை: மிளகு தூக்கலாகப் போட்ட தடித்த கறிக்கு.
- சூடை, கும்பளா, நெத்தலி: அள்ளி வாங்கலாம், மொறுமொறுப்பாகப் பொரிக்க.
- குட்டிச்சுறா: அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவுடன் வறை செய்ய.
- கணவாய், இறால், நண்டு: காரமான பிரட்டலுக்கு. கொக்கிளாய்க் களப்பு இறாலுக்குப் பெயர்பெற்றது, கிடைத்தால் விடாதீர்கள்.

முட்டையுடன் இருக்கும் சிங்கி இறாலைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி தடை. ஆமை இறைச்சியும் ஆமை முட்டையும் எந்த ஊரில் யார் தந்தாலும் தொடாதீர்கள். கடலாமைகள் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள்.

காலைச் சாப்பாடு

வாங்கிய மீனைச் சமைக்கும் வீட்டில் கொடுத்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு உட்காருங்கள். பெரும்பாலும் பிட்டு அல்லது இடியப்பம் இருக்கும். பிட்டுக்கு அரிசிமாவை வறுத்து, சுடுநீர் விட்டுக் குழைத்து, கொத்தித் துருவலாக்கி, தேங்காய்ப்பூ கலந்து, பனையோலையால் இழைத்த நீத்துப்பெட்டியில் அவிப்பார்கள். மூங்கில் குழலில் அவிக்கும் வீடுகளும் உண்டு. ஓலையில் அவிந்த பிட்டுக்குத் தனி வாசம் இருக்கும். அதோடு முந்தைய நாள் மீன்கறியைச் சூடாக்கிப் போட்டுச் சாப்பிடுவதே ஊர் வழக்கம். பழங்கறி என்று ஒதுக்காதீர்கள். ஓர் இரவு புளியில் ஊறிய மீன்கறி காலையில்தான் முழு ருசிக்கு வரும். காரம் வேண்டாதவர்களுக்கு வாழைப்பழமும் சீனியும் தருவார்கள்.

இடியப்பத்துக்குப் பாலாணம், அதாவது தேங்காய்ப்பால் சொதி. கூடவே சம்பல். கட்டாச் சம்பல் என்றால் செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, மாசி ஆகியவற்றை இடித்துத் தேசிக்காய்ப் புளி விட்டது. கொள்ளிபோல் எரியும், நகக்கண் அளவு எடுத்து ருசி பார்த்துவிட்டுப் பிறகு கேளுங்கள். குடிக்க வெறுந்தேத்தண்ணி. இஞ்சி தட்டிப் போட்டது கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள்.

மதியம்: சோறும் மீனாணமும்

மதியச் சோற்றின் நடுநாயகம் மீனாணம். நாட்டரிசிச் சோறு, மீனாணம், ஒரு பொரியல், ஒரு மரக்கறி, ஒரு கீரைச் சுண்டல், அப்பளம். இந்த ஆறும் வந்தால் அது முழுச் சாப்பாடு. முதலில் சோற்றில் ஆணத்தை மட்டும் விட்டுப் பிசைந்து இரண்டு கவளம் சாப்பிட்டுப் பாருங்கள். சமைத்தவரின் கைப்பக்குவம் அதில் தெரியும்.

பெண் பயணிகளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அவர்களைப் பெரும்பாலும் நேரே குசினிக்கே அழைத்துப்போவார்கள். அங்கே கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு கறி இது. நான்கு பேருக்கு:

அரைக் கிலோ விளைமீன் அல்லது பாரைத் துண்டுகள், சின்ன வெங்காயம் 10, உள்ளி 5 பல், பச்சைக் கொச்சிக்காய் 3, கறிவேப்பிலை ஒரு நெட்டு, ரம்பை இலை விரல்நீளத் துண்டு ஒன்று, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் ஒரு மேசைக்கரண்டி, பழப்புளி சிறு தேசிக்காய் அளவு, பாதித் தேங்காயில் பிழிந்த முதற்பால் ஒரு கோப்பை, இரண்டாம் பால் இரண்டு கோப்பை, உப்பு.

மண்சட்டியில் மீனையும் முதற்பாலையும் தவிர்ந்த எல்லாவற்றையும் இரண்டாம் பாலோடும் கரைத்த புளியோடும் சேர்த்து அடுப்பில் வையுங்கள். கொதித்து வெங்காயம் வெந்து, தூளின் பச்சை வாடை போனதும் மீனைப் போடுங்கள். அதன் பிறகு அகப்பை வேண்டாம். சட்டியை இரு கையாலும் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள், துண்டு உடையாது. எட்டுப் பத்து நிமிடத்தில் மீன் வெந்துவிடும். முதற்பாலை விட்டு ஓரம் நுரைத்து வரும்போதே இறக்குங்கள். பாலை விட்டபின் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். அரை மணித்தியாலம் மூடிவைத்துப் பிறகு பரிமாறுங்கள். தாளிதம் இல்லை, எண்ணெய் இல்லை. மீன் புதிதாக இருந்தால் வேறெதுவும் தேவையில்லை.

சஹன்: ஒரே தட்டில் விருந்து

கல்யாணம், கத்தம் (குர்ஆன் ஓதி முடிக்கும் நிகழ்வு), பெருநாள், நெடுநாள் கழித்து வந்த உறவினர் என்று விசேஷம் எதுவானாலும் சஹன் வைப்பார்கள். பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோறோ புரியாணியோ குவித்து, மேலேயும் சுற்றியும் இறைச்சி, கோழி, கத்தரிக்காய்ப் பிரட்டல், அச்சாறு ஆகியவற்றை வைப்பார்கள். நால்வர் முதல் ஆறு பேர் வரை பாயில் அதைச் சுற்றி உட்கார்ந்து உண்பார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழ்நாட்டுக் கடலோர முஸ்லிம் ஊர்களிலும் ஒரே தட்டில் உண்ணும் இந்த வழக்கம் உண்டு. கடலின் இரு கரைகளையும் நூற்றாண்டுகளாக இணைத்த வணிகமும் உறவும் சாப்பாட்டில் இன்றும் தெரிகின்றன.

முதன்முறை உட்காருபவர்களுக்குச் சில முறைகள்:

- தண்ணீரும் தட்டும் உங்களிடம் வரும்; இருந்த இடத்திலேயே கை கழுவலாம். வலக்கையால் மட்டும் உண்ணுங்கள்.
- பெரியவர் "பிஸ்மில்லாஹ்" சொல்லித் தொடங்கும்வரை காத்திருங்கள்.
- உங்களுக்கு நேரே உள்ள பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள். நடுவில் உள்ள இறைச்சியை மூத்தவர் பிய்த்து எல்லோர் பக்கமும் தள்ளிவிடுவார். விருந்தாளிக்கு நல்ல துண்டு வரும். அதை மறுக்காதீர்கள்.
- வேகமாக உண்டு முடித்து எழுந்துவிடாதீர்கள். ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் வயிறு நிறையாமலே நிறுத்திவிடுவார்கள். மெதுவாகக் கிள்ளிக்கொண்டிருங்கள்.
- போதுமென்றால் கையைத் தட்டின் மேல் காட்டி "போதும், நிறைஞ்சுட்டு" என்று சொல்லுங்கள். முதல் மறுப்பை யாரும் ஏற்கமாட்டார்கள். மூன்றாம் மறுப்பை ஏற்பார்கள்.

ஆண்களும் பெண்களும் தனித்தனி இடத்தில் உண்பது வழக்கம். குடும்பமாகப் போனாலும் அப்படியே பிரிந்து உட்காருங்கள். வீட்டுக்காரரை நானா என்றோ காக்கா என்றோ, மூத்த பெண்களை ராத்தா என்றோ அழைக்கலாம். வயதான பெண்மணியை உம்மா என்று அழைத்தால் மகிழ்வார்கள்.

இனிப்பும் மாலையும்

விருந்தின் முடிவில் வட்டிலப்பம் வரும். முட்டை, கித்துள் கருப்பட்டி, கெட்டித் தேங்காய்ப்பால், ஏலம் ஆகியவற்றை அடித்துக் கலந்து ஆவியில் அவித்த பலகாரம் இது. பத்து முட்டைக்கு அரைக் கிலோ கருப்பட்டி என்பது வீடுகளில் சொல்லும் பொதுவான கணக்கு. நல்ல வட்டிலப்பத்தை வெட்டினால் உள்ளே சிறுசிறு துளைகள் தெரியும். பாணி அவற்றில் ஊறியிருக்கும். கேட்டால் தொதலும் கிடைக்கும்: அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணிக்கணக்காகக் கிண்டி எண்ணெய் பிரிய எடுத்தது. திருகோணமலை மாவட்டம் எருமைத் தயிருக்கும் பெயர்போனது. மண்சட்டியில் உறைந்த தயிரில் கித்துள் பாணி விட்டுச் சாப்பிடுங்கள். தயிர் வாங்கிப் போவதென்றால் புறப்படும் அன்று காலையில் வாங்குங்கள்.

மாலையில் சந்திக் கடைகளுக்குப் போகலாம். றோல்ஸ், கட்லட், சமோசா ஆகியவை சுடச்சுட வரும் நேரம் நான்கு மணி. இரவில் கொத்து. கடையில் ஆட்கள் நிறைந்திருக்கும் நேரத்தில் சாப்பிட்டால் பண்டம் புதிதாக இருக்கும்.

நோன்பு மாதத்தில் வந்தால்

ரமழான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும்; நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். கையில் பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்துக்கொண்டு அறைக்குள் உண்ணுங்கள். வீதியில் உண்ணவோ புகைக்கவோ வேண்டாம். சூரியன் மறைந்ததும் ஊர் மாறிவிடும். பேரீச்சம்பழம், தண்ணீர், அதன்பின் நோன்புக் கஞ்சி. அரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, வெந்தயம், இஞ்சி, ரம்பை இலை போட்டு, சிலநேரம் இறைச்சியும் சேர்த்துக் குழையக் காய்ச்சிய அந்தக் கஞ்சியைப் பள்ளிவாசலில் எல்லோருக்கும் ஊற்றுவார்கள். அயலூர்க்காரருக்கும் மாற்று மதத்தவருக்கும் மறுப்பதில்லை. மரியாதையாக உடுத்திப் போய்க் கேளுங்கள்.

உடை, உடல்நலம், பாதுகாப்பு

தோளும் முழங்காலும் மறையும் உடை ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும். நீச்சலுடை நிலாவெளி விடுதிக் கரைகளோடு நிற்கட்டும். பெண்களைப் படம் எடுக்க வேண்டாம். பிள்ளைகளைப் பெற்றோரிடம் கேட்டபின் எடுங்கள். கொதித்தாறிய நீரோ போத்தல் நீரோ குடியுங்கள். காரம் பழகாதவர்கள் முதல் நாள் பாலாணமும் பருப்புமாகத் தொடங்குங்கள். ஊரில் அரச வைத்தியசாலை உண்டு. நாடெங்கும் இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் அவசர அழைப்பு 119.

சாப்பாடுகளுக்கு இடையில்

அரிசிமலை: ஊரை அடுத்த சிறு குன்றும் கடற்கரையும். அங்குள்ள பருமணல் அரிசிமணிபோல் வெளுத்துத் திரண்டிருக்கும். குன்றில் பௌத்த துறவிகள் வாழும் விகாரை உள்ளது. செருப்பைக் கழற்றி அமைதியாகப் போங்கள். மணலை அள்ளிக்கொண்டு வராதீர்கள்.

கொக்கிளாய்க் களப்பு: 1951 இலிருந்து பறவைச் சரணாலயம். வாடைக்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். அதிகாலையும் அந்தியும் பார்ப்பதற்கு ஏற்றவை.

திரியாய்: புல்மோட்டைக்குத் தெற்கே. குன்றின் மேல் வட்ட வடிவக் கட்டடத்துக்குள் கிரிஹண்டு சாய என்ற பழைய தூபி. அருகில் பாறையில் பல்லவக் கிரந்த எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு. தூபியை எழுப்பிய வணிகர்களாகத் திரபுசகர், வல்லிகர் என்போரை அது குறிப்பிடுகிறது. எழுத்தமைதியை வைத்து 8 ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். இந்தக் கரைக்கு வணிகரும் மொழிகளும் வந்துபோன நீண்ட வரலாற்றுக்குக் கல்லில் கிடைக்கும் சான்று.

புறாத்தீவு: நிலாவெளிக்கு எதிரே, 2003 முதல் தேசிய பூங்கா. திரும்பும் வழியில் பவளப்பாறை பார்க்க விரும்புவோர் நிறுத்தலாம். பாறையை மிதிக்கக் கூடாது.

இரண்டு நாள் திட்டம்

முதல் நாள்: காலை பஸ்ஸில் திருகோணமலையிலிருந்து புறப்பட்டுத் திரியாயில் இறங்கிக் கல்வெட்டும் தூபியும் பாருங்கள். மதியத்துக்குள் புல்மோட்டை வந்து கடையில் சோறு. பின்னேரம் தங்குமிடத்துக்காரரிடம் மறுநாள் வீட்டுச் சாப்பாட்டைப் பேசி முடித்து, பாதிப் பணம் கொடுங்கள். மாலை அரிசிமலை, இரவு கொத்தோ இடியப்பமோ.

இரண்டாம் நாள்: விடிய முன் கரை. மீன் வாங்கிச் சமைக்கும் வீட்டில் சேர்த்து, பிட்டும் பழங்கறியும். வெயில் ஏறுமுன் களப்புப் பக்கம் ஒரு சுற்று. பத்தரை மணிக்கு மீண்டும் அதே வீடு; சமையலைப் பார்க்க அனுமதி கிடைத்தால் பாருங்கள், இல்லையேல் திண்ணையில் உட்கார்ந்து கதையுங்கள். மதியச் சோறு, வட்டிலப்பம். மூன்று மணிக்குப் பின் திருகோணமலை பஸ்.

புறப்படும்போது சமைத்த பெண்ணிடம் நேரில் நன்றி சொல்லுங்கள். அவர் உள்ளே இருந்தால் வீட்டுக்காரர் மூலம் சொல்லியனுப்புங்கள். எந்தக் கறி பிடித்தது என்று பெயர் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். எடுத்த படங்களை அனுப்புவதாகச் சொல்லியிருந்தால் கட்டாயம் அனுப்புங்கள். நண்பர்கள் போக விரும்பினால் அதே வீட்டை அறிமுகப்படுத்துங்கள். மாரியில் கடல் மூடும் மாதங்களில் ஒரு சமையற்கட்டுக்கு வரும் நாலு விருந்தாளிகளின் காசு, அந்த வீட்டுக்குப் பெரிய ஆறுதல். நீங்கள் முறையோடு நடந்துகொண்டால் அடுத்து வருபவருக்கும் அந்தக் கதவு திறக்கும்.